சங்கிலியின் மறுமுனை

இலக்கியம் பேசுகிற இடத்தில் நாய்க்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு சொல்லை முன்னிட்டே இதில் நுழைகிறோம். நாயை 'உடற்பயிற்சித் தோழன்' என்று அழைக்கும் வழக்கம் நாளிதழ் இணைப்புகளிலும் உடல்நலப் பத்திகளிலும் நன்றாக வேரூன்றிவிட்டது. தனியாக ஓடச் சோம்பலா, நாயைக் கூட்டிக்கொள்ளுங்கள். விடிவதற்குள் அதுவே உங்களை எழுப்பிவிடும். சம்பளம் கேட்காத பயிற்சியாளர் அது. உங்கள் எடையும் குறையும், அதன் எடையும் குறையும். ஏறக்குறைய எல்லாப் பத்திகளும் இதைத்தான் சொல்கின்றன. கூடவே ஒரு படம் இருக்கும். நாக்கைத் தொங்கவிட்டபடி ஒரு நாய் எசமானரின் பக்கத்தில் ஓடும். அது மகிழ்ச்சியில் சிரிப்பதாகப் படத்தின் கீழே எழுதியிருப்பார்கள். மூச்சிரைப்பைச் சிரிப்பென்று வாசிக்கும் இந்தப் பழக்கத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

தோழமை என்ற சொல்லைத் தமிழ் அவ்வளவு மலிவாக வைத்திருக்கவில்லை. அகப்பாடல்களின் தோழியை நினைத்துப் பாருங்கள். அவள் தலைவியின் நிழல் அல்லள். தலைவனை இடித்துரைப்பாள், காரணம் கற்பித்துத் திருப்பி அனுப்புவாள், நாள் கடத்தி அலைக்கழிப்பாள். அதற்கெனச் சேட்படை என்று ஒரு துறையே வகுத்திருக்கிறார்கள். மறுக்கவும் தடுக்கவும் உரிமை இருப்பதால்தான் அவள் தோழி. கழுத்துப்பட்டையில் மாட்டிய சங்கிலியின் மறுமுனையில் இருக்கும் உயிருக்கு அந்த உரிமை உண்டா? புறப்படும் நேரம், போகும் வழி, வேகம், தொலைவு, நிற்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் ஒருவரே முடிவு செய்துகொண்டு மற்றவரைத் தோழன் என்பது, பண்ணையார் தம் பண்ணையாளைக் 'குடும்பத்தில் ஒருவன்' என்று விருந்தினரிடம் அறிமுகப்படுத்துவதற்கு ஒப்பானது.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்கு விடியற்காலையில் போனால் இதைக் கண்ணாலேயே காணலாம். ஓடுகிறவரின் காதில் பாட்டு, மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம், கையில் சுற்றிய வார். வார் முடியும் இடத்தில் ஒரு நாய். அது ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் மூக்கை நீட்டுகிறது. வார் இழுபடுகிறது. அடுத்த கம்பம், அடுத்த இழுப்பு. ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவிடாமல் அந்த நாயை ஐந்து கிலோமீட்டர் இழுத்துப் போகிறார்கள். வாக்கியம் என்று சொல்வதை வெறும் அணியாகக் கொள்ள வேண்டாம். மணத்தை உணரும் செல்கள் மனித மூக்கில் 50, 60 லட்சம் என்றால் நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். நேற்றிரவு அவ்வழியே போன நாய் எது, ஆணா பெண்ணா, பழகிய நாயா புதிய நாயா என்பதெல்லாம் அந்தக் கம்பத்தின் அடியில் எழுதிக்கிடக்கிறது. நாய்க்கு நடை என்பது பெரும்பாலும் வாசிப்புதான். பக்கத்துக்கு ஒருமுறை கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, 'வா, வா, கலோரி குறையவேண்டும்' என்று இழுத்துப் போகிறவரை நாம் தோழர் என்போமா?

அதே வட்டாரத்தின் உள்தெருக்களில் இன்னொரு காட்சி உண்டு. எசமானர் மாடியில் ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருப்பார். நாயை நடத்திப் போகிறவர் வாயிற்காவலராகவோ வீட்டுவேலை செய்யும் அம்மாவாகவோ இருப்பார். உண்மையைச் சொன்னால் இந்த நாய் கொடுத்துவைத்தது. காவலருக்கு எடை குறைக்கும் அவசரம் ஏதும் இல்லை. அவர் தேநீர்க்கடை வாசலில் நிற்பார், நாயும் நிற்கும். இருவரும் அவரவர் வழியில் ஊர்நடப்பை அறிந்துகொண்டு வீடு திரும்புவார்கள். இந்த நடைக்கென்று அவர் சம்பளத்தில் எதுவும் சேர்வதில்லை என்பது தனியே பேச வேண்டிய விஷயம்.

இனி உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனிதர் உடல் முழுவதும் வியர்த்து வெப்பத்தைத் தணித்துக்கொள்பவர். நீண்ட தொலைவு ஓடும் ஆற்றல் நம் இனத்துக்கு வாய்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாய்க்குப் பயன்படும்படியான வியர்வை பாதங்களில் மட்டுமே சுரக்கிறது. மற்றபடி அது மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வாயின் ஈரம் ஆவியானால்தான் உடல் குளிரும். கடலோர ஊரின் ஈரக்காற்றில் அந்த ஆவியாதல் மந்தப்படுகிறது. வெயில் ஏறாத காலைதானே என்று நாம் நினைக்கும் வேளையிலும் நாய்க்குள் உலை ஏறிக்கொண்டிருக்கலாம். அதன் இயல்பான உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல், 39ஐ ஒட்டி. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். தார்ச்சாலையின் சூடு வேறு. காற்றில் 30 டிகிரி இருக்கும்போதே வெயில் விழுந்த தார் 50ஐக் கடந்துவிடக்கூடும். நமக்குக் காலணி இருக்கிறது. புறங்கையைச் சில விநாடிகள் தரையில் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதை நடத்தாதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஓடுகிறவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்ததாக நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

எங்கள் நண்பர் ஒருவரிடம் நான்கு வயது லாப்ரடார் இருந்தது. இரண்டு ஆண்டுகளாகத் தினமும் ஆறு கிலோமீட்டர் அவரோடு ஓடியது. ஒரு மே மாதத்தில், முந்திய இரவு தாமதமாகப் படுத்ததால், காலை ஏழரை மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வழக்கமான தொலைவை முடித்து வீட்டுத் தெருமுனைக்கு வந்தபோது நாயின் பின்கால்கள் பின்னிக்கொண்டன. ஈறுகள் செங்கல் நிறமாகிவிட்டன. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மறுநாள் அது இறந்தது. எங்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "அது நிக்கவே இல்லையே. ஒரு தடவை நின்னிருந்தா நானும் நின்னிருப்பேனே."

அவர் கொடுமைக்காரர் அல்லர். இக்கட்டுரை கொடுமைக்காரர்களுக்கு எதிரானதாக இருந்திருந்தால் எழுதுவதும் எளிதாக இருந்திருக்கும். மேற்படி பத்திகளைப் படித்து நம்பியவர் அவர். நாய் ஏன் நிற்கவில்லை? மனிதரின் பக்கத்திலேயே இருந்து, ஏவியதைச் செய்து, களைத்தாலும் விடாமல் உழைப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம் அது. மறுக்காத குணத்தை நாமே ஊட்டி வளர்த்துவிட்டு, மறுக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். 'அதற்கு ஓடப் பிடிக்கும்' என்று சொல்வோர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அதற்குப் பிடித்தது உங்களைத்தான். நீங்கள் ஓடினால் ஓடும். நீங்கள் படுத்துக் கிடந்தால் கட்டிலடியில் படுத்துக் கிடக்கும். எலும்பு முற்றாத குட்டிகளின் கதை இன்னும் மோசம். பெரிய இனங்களுக்கு ஒன்று, ஒன்றரை வயது ஆகும்வரை எலும்பு முனைகளின் வளர்ச்சி முடிவதில்லை. ஆறு மாதக் குட்டியைத் தார்ச்சாலையில் ஓட்டிப் பழக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம்.

2003இல் ஹட்ச் அலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சிறுவன் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு பக் நாய் போகும். அழகான விளம்பரம்தான், மறுப்பதற்கில்லை. அதற்குப் பின் நாடெங்கும் பக் நாய்க்குக் கிராக்கி ஏறியது. பின்தொடர்தலையே அன்பென்று அது ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. தொடர்ந்து போவதற்குச் சற்றும் தோதில்லாத உடம்பு அந்த நாயுடையது என்பதுதான் கொடுமை. மூக்கு அமுங்கி, மூச்சுவழி குறுகி, சும்மா இருக்கும்போதே குறட்டை விடுவது அது. சென்னையின் ஏப்ரலில் அதை 'வாக்கிங்' இழுத்துப் போய், அது வழியில் உட்கார்ந்தால், 'சோம்பேறி' என்று செல்லமாகத் திட்டுவோரும் இருக்கிறார்கள். வாழ்நாளில் அந்த நாய் சொல்லும் ஒரே மறுப்பு அந்த உட்கார்தல். அதற்கும் நாம் வைத்த பெயர் சோம்பல்.

வெளிநாட்டு இனங்களை விடுங்கள், நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இராஜபாளையமும் ஓடப் பிறந்தவைதாமே என்று ஒரு நண்பர் மடக்கினார். இராஜபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டபோது பெருமைப்பட்டவர்களுள் நாங்களும் உண்டு. ஆனால் இவற்றின் ஓட்டம் எத்தகையது? கரிசல் காட்டில் முயலைக் கண்ட கணத்தில் அம்பாகப் பாய்ந்து, சற்று நேரத்தில் முடிந்துவிடும் ஓட்டம். பிறகு நிழல் கண்ட இடத்தில் நாளெல்லாம் உறக்கம். சங்கப் பாடல்களில் வேட்டுவர் நாய்களோடு காடு புகுகிறார்கள். அங்கே நாய் முன்னே போகிறது, ஆள் பின்னே போகிறான். எங்கே திரும்புவது என்பதை நாயின் மூக்கும் கண்ணும் தீர்மானிக்கின்றன. அதைத் தோழமை என்று சொல்ல எங்களுக்குத் தடையில்லை. வேட்டையை நாங்கள் ஆதரிப்பதாக யாரும் கிளம்ப வேண்டாம். ஐரோப்பாவில் நாயோடு ஓடும் 'கேனிகிராஸ்' என்ற போட்டியில்கூட நாய்தான் முன்னால் ஓட வேண்டும். மனிதர் அதை இழுத்துப் போனால் விதிமீறல். இங்கே இறக்குமதியானது ஓடும் பழக்கம் மட்டும். விதிகள் கப்பலேறவில்லை.

2022 மே மாதத்தில் தில்லி தியாகராஜ் விளையாட்டரங்கு பற்றி வந்த செய்தியையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி தம் நாயோடு அங்கே நடப்பதற்கு வசதியாக, பயிற்சியிலிருந்த வீரர்களை மாலையிலேயே முன்கூட்டி வெளியேறச் சொல்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வீரர்களை வெளியேறச் சொன்னதில்லை என்று அதிகாரி மறுத்தார். படங்களோடு செய்தி வெளியானதும் அவர் லடாக்கிற்கும், அவரைப் போலவே ஐ.ஏ.எஸ். அதிகாரியான அவர் மனைவி அருணாசலப் பிரதேசத்துக்கும் மாற்றப்பட்டார்கள். அந்த நாயை எந்த ஊருக்கு மாற்றினார்கள் என்று அப்போது ஊரே கேலி பேசியது. எங்களுக்குத் தோன்றிய கேள்வி வேறு. செயற்கை ஓடுதளத்தில் ஒரு நாய்க்கு என்ன கிடைக்கும்? அங்கே புதர் இல்லை, மண் இல்லை, வேறொரு நாய் விட்டுச்சென்ற சேதி இல்லை. நாயை யாராவது கேட்டிருந்தால் அரங்கின் வெளிமதில் ஓரக் குப்பைமேட்டைத்தான் அது தேர்ந்திருக்கும். ஆக, வீரர்கள் வெளியேறியது நாய்க்காக அன்று. ஆசை மனிதருடையது, சாக்கு நாயுடையது. செகாவின் புகழ்பெற்ற கதையில் யால்டா கடற்கரையில் உலவும் சீமாட்டியின் வெள்ளை நாயும் முன்பின் அறியாத ஒருவன் பேச்சைத் தொடங்கச் சாக்காகத்தான் பயன்படுகிறது. ஆனால் செகாவ் அதை யாருடைய பயிற்சித் தோழனாகவும் ஆக்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது முறையன்று. நாய் வளர்ப்போர் மற்றவரைவிட அதிகம் நடக்கிறார்கள் என்பது உண்மை. பிரிட்டனில் ஒரு குடியிருப்புப் பகுதியை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு என்ற அளவை எட்டும் வாய்ப்பு நாய் வளர்ப்போருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது. இதை எல்லாப் பத்திகளும் எடுத்துப் போடுகின்றன. அந்த ஆய்வாளர்களுள் முதன்மையானவரான கேரி வெஸ்ட்கார்த் அதற்கு முன்பே, 2017இல், நாயோடு நடப்போரிடம் பேசி எழுதிய இன்னொரு கட்டுரையை ஒருவரும் தொடுவதில்லை. ஏன் நடக்கிறீர்கள் என்றதற்கு அவர்களிடம் ஓங்கி நின்ற காரணம் உடல்நலம் அன்று, மகிழ்ச்சி. நாய் அந்த நடையில் மகிழ்கிறது என்று தெரிந்தால்தான் அவர்களுக்கும் மகிழ்ச்சி. நாய்க்காக நடந்தவர்களுக்கு உடல்நலம் வழியில் கிடைத்திருக்கிறது. நம் பத்தியாளர்கள் அதைத் தலைகீழாக்கி, உடல்நலத்துக்காக நாயைச் சந்தையில் தேடச் சொல்கிறார்கள். எடை குறைந்த பிறகோ குறையாது என்று தெரிந்த பிறகோ அந்த நாயின் கதி என்ன? விலைகொடுத்து வாங்கிய ட்ரெட்மில்களில் துணி உலர்கிறது. நாயின் மேல் துணி உலர்த்த முடியாது, மொட்டைமாடியில் கட்டிவைக்கிறார்கள்.

அந்த நண்பர் வெகுநாள் வேறு நாய் வளர்க்கவில்லை. பிறகு தெருவில் பிறந்த குட்டி ஒன்று, கருஞ்சாந்து நிறம், ஒரு காது மடங்கியது, தானாக அவர் வீட்டு வாசலைத் தேர்ந்துகொண்டது. இப்போது வயது மூன்று. ஓட விரும்பும் நாளில் அவர் தனியாக ஓடிவிட்டு வருகிறார். பிறகு, வெயில் ஏறுமுன், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறார். எங்கே போவது என்பதை அது முடிவு செய்கிறது. சென்ற வாரம் அவரைப் பார்க்கப் போனபோது இருவரும் தெருமுனைக் குடிநீர்க் குழாயருகே நின்றிருந்தார்கள். நாய் அங்கே எதையோ மிகுந்த கவனத்தோடு வாசித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டோம். பத்து நிமிடம் இருக்கும் என்றார். வீட்டிலிருந்து அந்தக் குழாய் நூறு அடிகூட இருக்காது.