ரப்பர் நகரம் சொல்லும் பாடம்

பிரேசில் நாட்டின் அமேசான் காட்டுக்குள், கடலிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில், நதிக்கரையில் இருக்கிறது மனௌஸ் நகரம். 1896-ல் அங்கே இத்தாலியப் பளிங்குக்கற்களால் இழைத்த நாடகசாலை திறக்கப்பட்டது. மின்விளக்கும் டிராம் வண்டியும் வந்தன. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ரப்பர்ப் பாலிலிருந்து!

பால் எடுத்தவர்களோ, வறட்சிக்குத் தப்பி வடகிழக்குப் பிரேசிலிலிருந்து ஓடிவந்த ஏழைகள். கத்தியையும் மாவையும் கடனாகக் கொடுத்து, அந்தக் கடனிலேயே அவர்களைக் கட்டிப்போட்டனர் ரப்பர்ப் பிரபுக்கள்.

1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுசென்றார். அவற்றின் நாற்றுகள் இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களாயின. 1910-க்குப் பின் தோட்ட ரப்பர் சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது, மனௌஸ் இருண்டது.

தோட்ட ரப்பர் ஏன் மலிவு? மரங்கள் வரிசையாக நின்றன என்பது பாதிக் காரணம்தான். வட ஆற்காடு, திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கப்பலேற்றிய தமிழ்க் கூலிகளின் வியர்வை மலிவாயிருந்தது என்பது மறுபாதி! அவர்களுக்காகச் சங்கம் நடத்திய தஞ்சைத் தமிழர் எஸ்.ஏ. கணபதியை 1949-ல் பிரிட்டிஷ் ஆட்சி தூக்கிலிட்டது. சுரண்டல் ஒழியவில்லை, கடல் தாண்டி இடம் மாறியது.

1967-ல் சுங்கவரிச் சலுகை மண்டலமாக மனௌஸ் மீண்டும் எழுந்தது. இன்று 20 லட்சம் மக்களுக்கு மேல் வாழ்கிறார்கள். மோட்டார் சைக்கிளும் டெலிவிஷனும் தயாராகின்றன. வரிச் சலுகைக்கு 2073 வரை சட்ட உத்தரவாதம் உண்டு. ஆனால் 2021 ஜனவரியில், கொரோனா நோயாளிகளுக்கு அந்நகரின் ஆஸ்பத்திரிகளில் ஆக்ஸிஜன் இல்லை! மூச்சுத்திணறி மாண்டனர் மக்கள். முதலாளிக்கு நூறாண்டுச் சலுகை. உழைப்பாளிக்கு ஒரு சிலிண்டர் காற்றில்லை!

இது தூரதேசத்துக் கதையா? நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் சலுகைகளோடு 2006-ல் வந்த நோக்கியா, 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். தறி ஒன்றையே நம்பி வாழும் அம்மையார்குப்பம் போன்ற ஊர்களுக்கு இது பெரும் எச்சரிக்கை. நூல் விலையும் சேலை விலையும் நெசவாளி கையில் இல்லாதவரை, ஊரின் வாழ்வும் அவர் கையில் இல்லை.

சலுகை தரும் சர்க்கார், வேலைக்கு உத்தரவாதத்தையும் எழுதி வாங்கவேண்டும். ஆலையை மூடுபவன், பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்டவேண்டும். நெசவாளருக்கு நியாய விலையில் நூல் தரவேண்டும். இவை தாமாக வரா. ஒன்றுபட்ட சங்கமே பெற்றுத்தரும்!