முட்டி போனா யார் பொறுப்பு?

கொஞ்சம் நீளமான பதிவு. பந்து விளையாடுற பிள்ளைங்க வீட்டுல இருந்தா முழுசா படிச்சிருங்க.

1.
பாளையங்கோட்டை பக்கம் டாக்டரா இருக்கிறவங்களுக்கு டோர்னமென்ட் சீசன்ல வர்ற கேஸ் நல்லாத் தெரியும். இருபது வயசுப் பையன். வெளியூர் டீமுக்கு, மேட்ச்சுக்கு இவ்வளவுன்னு பேசி ஆடப் போயிருப்பான். ஓடிக்கிட்டே திரும்பும்போது முட்டிக்குள்ள 'டப்'னு சத்தம், ராத்திரிக்குள்ள வீக்கம். ஒரு மாசம் எண்ணெய் போட்டு நீவிட்டுத்தான் நம்மகிட்ட வருவாங்க. ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் வேணும்னு சொன்னா, வீட்டுல முதல் கேள்வி: "செலவை யாரு சார் பாப்பா?"

2.
இந்தக் கேள்வி இங்கிலாந்துல நூறு வருஷத்துக்கு முன்னாடியே கோர்ட்டுக்குப் போயிருச்சு.

அன்றைய பிரிட்டிஷ் கால்பந்து வீரர்கள் இன்றைய கோடீஸ்வரர்கள் இல்லை. பலர் மில், சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். மான்செஸ்டர் யுனைடெட்டின் பெரிய நட்சத்திரம் பில்லி மெரிடித், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1901-லிருந்து யாருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கிடையாது என்று உச்சவரம்பு. அது நீங்கியது 1961-ல்தான்!

வாக்கர் என்று ஒரு வீரர். கிரிஸ்டல் பேலஸ் கிளப்பில் வாரம் 3 பவுண்டு 10 ஷில்லிங் சம்பளம். மேட்ச்சில் முழங்காலில் அடிபட்டது. 1906-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி பணம் கேட்டார். "விளையாட்டுக்காரன் எப்படித் தொழிலாளி ஆவான்? அவன் சொந்தத் திறமையில் ஆடுகிறான்" என்று கிளப் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கிளப் சொன்னபடி பயிற்சிக்கு வருகிறான், சொன்னபடி ஆடுகிறான், சம்பளம் வாங்குகிறான். அப்புறம் என்ன? அவனும் தொழிலாளிதான். 1910-ன் தீர்ப்புத் தொகுப்பில் இந்த வழக்கு இருக்கிறது.

3.
இதே காலம் நம்ம ஊரில் என்ன நடந்தது?

1907 டிசம்பரில் மான்செஸ்டரில் மெரிடித்தும் சக வீரர்களும் சங்கம் தொடங்கினார்கள். இழப்பீடு கேட்டு கோர்ட்டுக்குப் போகும் உரிமையும் அவர்கள் போராட்டத்தில் ஒன்று. மூன்றே மாதத்தில், 1908 பிப்ரவரி கடைசியில், தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். முன்னால் நின்றவர் வ.உ.சி. ஒன்பது நாளில் கூலி உயர்ந்தது.

1923-ல் இந்தியாவுக்கும் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. விக்கிரமசிங்கபுரம் மில்லில் மெஷினில் விரல் போனால் முதலாளி பதில் சொல்லணும் என்ற நிலை வந்தது. ஆனா காசு வாங்கி ஆடுற பையன் முட்டி போனா? இன்னைக்கும் "விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்"னு முடிச்சிடுறோம்.

4.
பெரிய இடத்திலும் அடிபடும். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் வழியாக கொல்கத்தா ஏ.டி.கே. வரை உயர்ந்தவர். 2020 நவம்பர் 20, ஐ.எஸ்.எல். சீசனின் முதல் மேட்ச். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்னே முழங்காலில் காயம். அந்த சீசனே போச்சு. பிறகு திரும்பி வந்து ஒடிசாவுக்கு ஆடினார். அந்த மட்டத்தில் டாக்டர், பிசியோ, ஒப்பந்தம் எல்லாம் உண்டு. நம்ம கிராமத்து மைதானத்துல ஆம்புலன்ஸ் கூட நிக்காது.

5.
இப்போ மருத்துவம். முழங்காலுக்குள் குறுக்காகப் போகும் ஜவ்வுதான் ஏசிஎல். அறுந்ததைப் புதுசாகக் கட்டும் ஆபரேஷனை பிரிஸ்டல் சர்ஜன் ஹே க்ரோவ்ஸ் எழுதி வெளியிட்டதே 1917-ல்தான். இன்னைக்கு நல்ல சிகிச்சை இருக்கு. ஆனா:

• 'டப்' சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், கால் வழுக்கி விடுற மாதிரி உணர்வு: இது மூணும் இருந்தா ஆட்டத்தை நிறுத்துங்க.
• நீவக் கூடாது. ஐஸ் வையுங்க, ஓய்வு கொடுங்க.
• எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. "எலும்பு நல்லா இருக்கு"ன்னு நிம்மதியாகிடாதீங்க. டாக்டர் கையால் பார்க்கணும், தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ.
• ஆபரேஷனுக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்ப குறைந்தது ஒன்பது மாசம். அவசரப்பட்டா மறுபடி அறுந்துபோக வாய்ப்பு அதிகம்.

ஒன்பது மாசம் வேலைக்குப் போகாம, பிசியோவுக்கும் செலவு பண்ண ஒரு கூலி வீட்டுல முடியுமா? அதான் பல பையன்கள் பாதி குணமான காலோட அடுத்த டோர்னமென்ட்ல இறங்குறாங்க. சிகிச்சை தெரியாம இல்ல, காசு இல்லாமதான்.

6.
டோர்னமென்ட் நடத்துற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஆடுறவங்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுங்க. அதுலயும் கவனம்: பல பாலிசிகள் உயிரிழப்பு, நிரந்தர ஊனத்துக்கு மட்டும்தான். மருத்துவச் செலவும் சேர்த்துக் கேட்டு வாங்குங்க.

"சின்ன டோர்னமென்ட்டுக்குக் காசு எங்க டாக்டர்?"னு கேப்பீங்க. ஆளுயர டிராபிக்கு இருக்கு. பிளெக்ஸுக்கு இருக்கு. ராத்திரி முழுக்க மைக்செட்டுக்கு இருக்கு. ஆடுறவன் காலுக்கு மட்டும் இல்லைன்னா எப்படி?

பெற்றோரே, பையன் வெளியூருக்கு ஆடப் போனா "எவ்வளவு தர்றாங்க?"ன்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. "அடிபட்டா யார் பாப்பாங்க?"ன்னும் கேளுங்க.

நம்ம பிள்ளைங்க ஓடுற பாளையங்கோட்டை மைதானத்துக்கே வ.உ.சி. பேர்தான். தொழிலாளிக்காக நின்னவர் பேர்ல இருக்கிற மைதானத்துல, ஆடுறவனும் தொழிலாளிதான்னு ஒத்துக்க நமக்கு என்ன தயக்கம்?

உங்க ஊர் டோர்னமென்ட் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போட்டு விடுங்க.