கூரைக்குள் ஒளிந்த குரல்



புது வீட்டில் குடிபுகும் பெற்றோர் சிலரிடம் அண்மைக் காலமாக ஒரு பெருமையைக் காண்கிறேன். "ஐயா, எங்கள் வரவேற்பறையில் ஒலிபெருக்கி ஒன்றுகூடக் கண்ணில் படாது. எல்லாவற்றையும் சீலிங்குக்குள் வைத்துவிட்டோம்" என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், பிளாஸ்டர் உட்கூரையில் விளக்குகளுக்கு நடுவே நான்கு வெள்ளை வட்டங்கள் தெரிகின்றன. தொலைக்காட்சியின் ஒலி, வானொலியின் ஒலி, கைப்பேசியில் ஓடும் பாட்டு எல்லாம் அந்த வட்டங்களின் வழியாகத்தான் வருகின்றன.

வட்டத்தின் விட்டம் எவ்வளவு, சாயம் கூரையோடு ஒத்துப்போகிறதா, விளக்கு வரிசைக்கு நேராக அமைகிறதா, எத்தனை வாட் என்றெல்லாம் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள். "இதில் பேச்சு தெளிவாகக் கேட்குமா?" என்று கடையில் கேட்ட ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

பாட்டுக்கு எப்படியோ போகட்டும். வீட்டில் தமிழ்ப் பேச்சைக் கேட்பதற்குக் கூரையைப் போல் பொருந்தாத இடம் வேறில்லை என்பதே என் கருத்து. ஒலிப் பொறியாளனாக நின்று இதனைச் சொல்லவில்லை. சொல்வதெழுதுதல் ஏடுகளைத் திருத்துகின்ற ஆசிரியனாக நின்று சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் பலருடைய வீட்டில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்தே புழங்குகின்றன. திருத்தமான தமிழ் ஒலிப்பு அவர்கள் காதில் விழும் இடங்கள் மிகக் குறைவு. வகுப்பறை ஓர் இடம். வானொலி, தொலைக்காட்சிச் செய்தியும் நல்ல மேடைப் பேச்சும் மற்றோர் இடம். இந்த இரண்டாவது வாயிலைத்தான் நாம் கூரையில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறோம்.

தமிழில் லகர, ளகர, ழகரங்களும் னகர, ணகரங்களும் பொருளையே மாற்றிவிடுகின்ற எழுத்துகள். நா பல்லின் பின்புறத்தைத் தொட்டால் லகரம். மேலே மடங்கித் தொட்டால் ளகரம். மடங்கியும் முழுதாகத் தொடாமல் நின்றால் ழகரம். வாயில் இவ்வளவு தெளிவாக இருக்கும் வேறுபாடு, காற்றில் மிக மெல்லிய அடையாளமாகவே பயணம் செய்கிறது. ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுப் பகுதியில்தான் அந்த அடையாளத்தின் பெரும்பகுதி இருக்கிறது. உயிரெழுத்துகளின் வலிமையெல்லாம் அதற்குக் கீழே. கீழ்ப்பகுதி மட்டும் முழங்கி மேற்பகுதி மங்கினால் பேச்சு உரக்கக் கேட்கும். ஆனால் பள்ளி எது, பல்லி எது என்பது தெரியாது. கூரையிலிருந்து கேட்டால் பல்லியாகத்தான் இருக்கும் என்று நண்பர் ஒருவர் நகைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை!

ஏன் மேற்பகுதி மங்குகிறது? ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். எட்டு அங்குல வூஃபரின் கூம்போ 20 சென்டிமீட்டர். அலைநீளம் கூம்பை விடச் சிறிதாகும்போது ஒலி எல்லாத் திசையிலும் பரவாமல் கைவிளக்கின் ஒளிபோல் ஒரே திசையில் குவியும். கூரையில் பதித்த ஒலிபெருக்கிக்கு அந்தத் திசை தரையை நோக்கியது. நாம் அமர்ந்திருக்கும் சோபாவோ ஒதுக்குப்புறமாக இருக்கிறது. கூரை 2.8 மீட்டர் உயரம், அமர்ந்தவரின் காது 1.1 மீட்டர் உயரம் என்று கொள்ளுங்கள். ஒலிபெருக்கி தலைக்கு நேர்மேலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தால், அது பார்க்கும் திசைக்கும் நம் காதுக்கும் இடையே 56 பாகைச் சாய்வு உண்டு. அங்கே வந்துசேர்வது முழங்கும் அடிக்குரல்தான். தெளிந்த மெய்யொலிகளைப் பளிங்குத் தரை அல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறது! நடுவில் பதிக்கும் சிறு டுவீட்டர் இதனை ஓரளவு ஈடுசெய்யும். மலிவான வகைகளில் அதுவும் நேர்கீழாகவே பார்க்கிறது.

இனி அந்தத் தரைக்கு வருவோம். நம் வரிசை வீடுகளைப் பாருங்கள். தரையில் ஓடு, சுவரில் சிமெண்டுப் பூச்சு, மேலே பிளாஸ்டர், முன்புறம் கண்ணாடிக் கதவு. ஒலியை உறிஞ்சும் பொருள் எதுவும் இல்லை. வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர் வகுத்த ஒரு கணக்கு உண்டு. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால், ஒலி எழுந்து ஓய எத்தனை நொடி ஆகும் என்பது தெரியும். இதுதான் எதிர்முழக்க நேரம். எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள வெறுமையான வரவேற்பறைக்குக் கன அளவு 144. மொத்தப் பரப்பு 180 சதுர மீட்டர். பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே உறிஞ்சுவதாகக் கொண்டால் 7.2. விடை 3.2 நொடி! ஒரு சொல் ஓய்வதற்குள் அடுத்த ஏழெட்டுச் சொற்கள் வந்து மோதிக்கொள்ளும். சோபாவும் ஆட்களும் வந்து உறிஞ்சு பரப்பு 15 ஆனாலும் ஒன்றரை நொடி இருக்கிறது. கனத்த திரைச்சீலையும் கம்பளமும் போட்டு அதனை 23 ஆக்கினால் ஒரு நொடிக்கு இறங்கும். அறை நடுவில் சுழலும் காற்றாடியின் இரைச்சல் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இத்தகைய அறையில் ஒலி மூலம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவுக்கு எதிர்முழக்கம் வெல்லும். ஆகவே ஒலிபெருக்கி காதுக்கு அருகில், காதைப் பார்த்து இருக்க வேண்டும். நாமோ அதனைத் தொலைவில், தரையைப் பார்த்து வைக்கிறோம்.

"அப்படியானால் இன்னும் அதிக வாட் உள்ளதாக வாங்கிவிடுவோம்" என்பார்கள். வாட் எண்ணைக் காட்டி விற்பதைப் போல் எளிய ஏமாற்று வேறில்லை. ஆற்றலை இரு மடங்காக்கினால் கூடுவது மூன்று டெசிபெல்தான். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்றவேண்டுமானால் ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். 86 டெசிபெல் உணர்திறன் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், ஒரே ஒரு வாட் செலுத்தி ஒரு மீட்டர் தொலைவில் நின்றால் 86 டெசிபெல் கேட்கும் என்று பொருள். நாம் எதிரெதிரே அமர்ந்து உரையாடுவது 60 டெசிபெல் அளவில். ஆகச் செய்தி கேட்க ஒரு வாட்டே மிகுதி. 100 வாட், 150 வாட் என்ற எண்கள் நம்மிடம் பணம் வாங்குவதற்கு உதவும். ளகரத்தைக் கேட்பதற்கு உதவா. ஒலியைக் கூட்டினால் எதிர்முழக்கமும் சேர்ந்தே கூடும் என்பதையும் மறக்கக்கூடாது.

திரையரங்கிலும் கூரையில்தானே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். டோல்பி அட்மோஸ் என்னும் முறை 2012ஆம் ஆண்டு திரையரங்குகளுக்கு வந்தது. 2014இல் வீடுகளுக்கும் வந்தது. அதில் கூரை ஒலிபெருக்கிகள் எதற்கு? மழைக்கும் வானூர்திக்கும் தலைக்குமேல் பறக்கும் பறவைக்கும். நடிகரின் உரையாடல் முன்னால், திரைக்கு நடுவிலிருந்தே வருகிறது. 5.1.2 என்று எழுதியிருந்தால் கடைசி இரண்டு மட்டுமே மேலே இருப்பவை. முதல் ஐந்தும் காது மட்டத்தில் இருக்கவேண்டியவை. அவற்றுள் நடுவில் நிற்கும் ஒன்று பேச்சுக்கென்றே அமைந்தது. நம் வீடுகளில் அந்த நடு ஒலிபெருக்கியை நீக்கிவிட்டு, மழைக்கு உரிய இடத்திலிருந்து செய்தி வாசிக்கச் சொல்கிறோம். முகம் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் இருக்கின்றன. சிறு இடைவெளியை மூளை பொறுத்துக்கொள்ளும். உச்சந்தலையிலிருந்து வரும் குரலைத் திரையில் அசையும் உதட்டோடு பொருத்துவது எளிதன்று. ழகரம் பழகும் பிள்ளைக்கு உதட்டையும் வாயையும் பார்ப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை முதலாம் ஆண்டு ஆசிரியர்கள் அறிவார்கள்.

பிள்ளைகளின் எழுத்துப் பிழைக்கு ஒலிபெருக்கியா காரணம், பெற்றோரே லகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்திப் பேசுவதில்லையே என்று ஆசிரிய நண்பர்கள் சொல்லக்கூடும். மறுக்கவில்லை. பெற்றோர் வாயில் கிடைக்காத ஒலிப்பு வேறு எங்கிருந்தேனும் கிடைக்க வேண்டும் என்பதால்தான் அந்த வேறு இடத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன்.

இந்த நாகரிகம் வீட்டோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். தமிழ்ப்பள்ளி ஒன்றின் வாசிப்பறைக்கு, வீட்டு வகைக் கூரை ஒலிபெருக்கிகள் ஆறு பொருத்தித் தருவதாகப் பெற்றோர் சிலர் முன்வந்தனர். நல்ல மனம்; பாராட்டுகிறேன். ஆனால் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வெளியான வகுப்பறை ஒலியியல் தரநிலை, 283 கன மீட்டருக்கு மேற்படாத வகுப்பறையில் எதிர்முழக்கம் 0.6 நொடியைத் தாண்டக்கூடாது, ஆளில்லா அறையின் இரைச்சல் 35 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒலிபெருக்கி வாங்குவதற்கு முன்பே பார்க்கவேண்டிய எண்கள் இவை. அந்தப் பணத்தில் பின்சுவர் முழுதும் துணி போர்த்திய மென்பலகை அடிக்கலாம். நாற்காலிக் கால்களுக்கு இரப்பர் உறை போடலாம். புத்தக அடுக்குகளை வெற்றுச் சுவரோரம் நகர்த்தலாம். மீதியில் ஒரே ஒரு நல்ல ஒலிபெருக்கியை, ஆசிரியர் நிற்குமிடத்தில், பிள்ளைகளின் காது உயரத்தில் வைக்கலாம். இன்னோர் எச்சரிக்கை: பள்ளிகளின் அறிவிப்பு அமைப்புகள் பல 100 வோல்ட் கம்பிவழி இயங்குபவை, அவற்றின் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் மின்மாற்றி உண்டு. வீட்டு வகையோ பெரும்பாலும் 8 ஓம். ஒன்றை மற்றொன்றோடு நேரே இணைத்தால் புகை வரும்.

சமையலறையிலும் நடைவழியிலும் மெல்லிய பாட்டு வேண்டுமென்பவர்கள் கூரையில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வரவேற்பறையிலும் கூரையேதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். விளக்கு வரிசையைப் பார்க்காமல் சோபாவைப் பாருங்கள். 90 பாகை பரப்பும் ஒலிபெருக்கி, காதுக்கு மேல் 1.7 மீட்டரில் இருந்தால் 3.4 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள்தான் நன்றாகக் கேட்கும். அந்த வட்டத்துக்குள் சோபா வரவேண்டும். காற்றாடிக்கு அருகில் வேண்டாம். இறக்கைகளில் பட்டு ஒலி நடுங்கும். டுவீட்டரை விரும்பிய பக்கம் சாய்க்கக்கூடிய வகையை வாங்குங்கள். எட்டு அங்குலத்தை விட ஆறரை அங்குலம் பேச்சுக்கு நல்லது. பின்பெட்டி கட்டாயம் வேண்டும். இல்லையேல் பாதி ஒலி கூரை வெளிக்குள் போய் மேல்மாடிப் படுக்கையறையில் கேட்கும். எறும்பும் பல்லியும் உள்ளே குடிபுகும். நான்கு 8 ஓம் ஒலிபெருக்கிகளை ஒரே வாயிலில் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். வீட்டு அம்ப்ளிஃபையர்கள் பலவும் அதைத் தாங்கா. இதைக் குத்தகையாளரிடம் விட்டுவிடாதீர்கள்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். அலை, அளை, அழை, வால், வாள், வாழ், மனம், மணம், பல்லி, பள்ளி. இவற்றை நன்கு ஒலிக்கும் ஒருவர் வாசிக்க, கைப்பேசியில் பதிவு செய்து கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ரகர, றகர வேறுபாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அதனை இன்று வாயிலேயே பலர் காட்டுவதில்லை, ஒலிபெருக்கி என்ன செய்யும்! சொற்களை முன்பின்னாக மாற்றி ஒலிக்கவிட்டு, பிள்ளையிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, ஒலிபெருக்கிக்கு நேர்கீழே ஒருமுறையும் மூன்று மீட்டர் தள்ளி ஒருமுறையும் எழுதச் சொல்லுங்கள். கடையில் தரைவிரிப்பும் மெத்தைச் சுவரும் இருக்கும் என்பதால், அங்கே பிழை வந்தால் வீட்டில் அதைவிடக் கூடுதலாக வரும்.

ஏற்கெனவே கூரையில் துளையிட்டு முடித்தவர்கள் அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்குக் கீழே சிறியதாக ஒரு நடு ஒலிபெருக்கி வைத்து, பேச்சு முழுவதும் அதன் வழியே வருமாறு அம்ப்ளிஃபையரில் அமைத்துவிடுங்கள். செய்தி நேரத்தில் கூரையை அணைத்துவிடுங்கள். சோபாவுக்கு முன்னால் ஒரு கம்பளம், கண்ணாடிக் கதவுக்குக் கனத்த திரைச்சீலை, எதிர்ச்சுவரில் புத்தக அடுக்கு. அடுக்கு நிறையப் புத்தகம் இருந்தால் ஒலி இன்னும் நன்றாகச் சிதறும். வெறும் அலங்காரப் பொம்மைகளால் அந்தப் பயன் கிட்டாது.