வாசலுக்கு வரும் ரம்பம்

லயத்து அடுப்புகள் விறகில் எரிந்த காலத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். மறுநடவுக்குச் சாய்த்த பால்மரத்தின் கிளைகளைப் பாராங் கத்தியால் துண்டாக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து லயத்துக்குப் பின்னால் அடுக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். நமக்கு விறகு சோறு வேகத் தேவைப்பட்டது. பனி கொட்டும் நாட்டில் விறகு தீர்ந்தால் மனிதரே விறைத்துப்போவார்.

செர்பியா, போஸ்னியா, பல்கேரியா நாட்டுக் கிராமங்களில் இலையுதிர் காலம் பிறந்ததும் தெருவில் ஒரு விநோத வண்டி தடதடவென்று ஊர்ந்து வரும். எந்தத் தொழிற்சாலையிலும் செய்த வண்டியல்ல அது. ஊர்ப் பட்டறையில் யாரோ ஒருவர் பழைய காரின் அச்சையும் கியர் பெட்டியையும் எடுத்து, இரும்புச் சட்டத்தில் பற்றவைத்து, சின்ன டீசல் இயந்திரம் ஒன்றைப் பூட்டியிருப்பார். கூரை இருந்தால் அதிர்ஷ்டம். வண்டியின் ஒரு பக்கத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி முடிவில்லாமல் ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டைதான் ரம்பம். பட்டை ரம்பத்துக்கான ஜெர்மன் சொல் திரிந்து செர்பியாவில் 'பான்செக்' ஆகிவிட்டது.

வண்டியை ஓட்டுவதும் ரம்பத்தைச் சுழற்றுவதும் ஒரே இயந்திரம். வீட்டு வாசலில் நிறுத்தியதும் ஓட்டுநர் சக்கரத்துக்குப் போகும் விசையை விலக்கி, பெல்ட் வழியாக ரம்பத்துக்குத் திருப்பிவிடுவார். வட்ட ரம்பத்தைவிட இந்தப் பட்டை மெல்லியது. அதனால் மரம் தூளாகி வீணாவது குறைவு. சின்ன இயந்திரமே போதும்.

காட்டிலிருந்து ஓக், பீச் மரங்கள் ஒரு மீட்டர் நீளக் கட்டைகளாக வரும். அடுப்பு வாய்க்கு அது பெரிது. மூன்று துண்டாக்க இரண்டு அறுப்பு, நான்கு துண்டாக்க மூன்று அறுப்பு. கூலியை 'மீட்டர்' கணக்கில் பேசுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக அடுக்கிய குவியல்தான் ஒரு 'மீட்டர்'.

சண்டை வரும் இடமும் இதுதான். அந்தக் குவியலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் மரம், மிச்சமெல்லாம் இடைவெளி. அறுத்துப் பிளந்து மறுபடி நெருக்கி அடுக்கினால் பத்து மீட்டர் சுமார் எட்டு மீட்டராகச் சுருங்கிவிடும். விறகு எங்கே போயிற்று என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வராமலிருக்குமா? அதே விறகை அடுக்காமல் லாரியில் கொட்டி அளந்தால் கணக்கு பதினான்குபோல ஏறிவிடும். அளவு கட்டுபவர் கையில்தான் இந்த வித்தை இருக்கிறது. பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்ற நம் தாய்மார்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

1968-இல் யுகோஸ்லாவியா மேற்கு ஜெர்மனியுடன் ஆள் அனுப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டபின், வாலிபர்கள் பலர் கூலி வேலைக்கு அங்கே போனார்கள். இன்றும் கிராமத்து வீடு பலவற்றில் வயசான தாயும் தகப்பனுமே மிச்சம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணம் போய்விட்ட கதைதான். எழுபது வயதில் கோடாரி தூக்க முடியுமா? இந்த வண்டி வந்தால் ஒரு காலைப்பொழுதில் குளிர்காலத்து விறகு முழுவதும் துண்டாகிவிடும். அதன் சத்தம் கேட்டாலே பாட்டிமார் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார்கள்.

ஆபத்தும் உண்டு. சொந்தமாகச் செய்த வண்டிகள் பலவற்றில் ரம்பத்துக்குச் சரியான மூடியே இராது. ஓடும் பட்டை அறுந்தால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்லமுடியாது. கட்டையை நீட்டும் கைக்கும் பல்லுக்கும் நடுவே சில அங்குலந்தான். வண்டிக்காரருக்குச் செம்மையான கூலி கொடுக்கவேண்டும் என்பேன். மூடி வைக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டும். பேரப்பிள்ளைகளை வேலிக்கு அப்பால் நிறுத்தச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்!

அறுத்த கையோடு எரிக்கவும் முடியாது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை எரித்தால் சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, புகைதான் மிஞ்சும். துண்டாக்கிப் பிளந்தால் வெட்டுமுனை வழியாக ஈரம் சீக்கிரம் வெளியேறும். அப்படியும் காற்றோட்டமான கூரையடியில் ஓராண்டாவது கிடக்கவேண்டும். ஆகவே கெட்டிக்காரக் குடும்பம் இந்த ஆண்டு அறுப்பது அடுத்த ஆண்டின் குளிருக்கு.