உதட்டுக்குத் தேன் சரி, கண்ணோரத்துக்குக் காவி போதாது

கம்பம் பள்ளத்தாக்கில் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால், பழி பல்லி மேல்தான். "ராத்திரி பல்லி மோண்டுருச்சு நர்சம்மா" என்பார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக இந்த வட்டாரத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். பல்லிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ், பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில் யாரோ கொடுத்த முத்தத்தில் உடம்புக்குள் வந்து, நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடக்கிறது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. காய்ச்சல், அலுப்பு, கடும் வெயில், குளிர்காற்று இவை அதை எழுப்பிவிடும். விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வரும் பெண்களின் உதட்டில் இதை அடிக்கடி பார்த்ததில் வியப்பில்லை.

கைவைத்தியத்தை நான் எதிர்ப்பவள் அல்ல. எப்படியும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே ஆறிவிடும் புண் இது. கற்றாழைச் சோற்றைக் கழுவித் தடவினால் எரிச்சல் அடங்கும். நெய் பூசினால் காய்ந்த பொருக்கு வெடிக்காது. தேனைப் பற்றி நல்ல ஆய்வே இருக்கிறது. நியூசிலாந்தில் கானுகா மரத்துத் தேனையும் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்புக் களிம்பையும் 952 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். களிம்புக்கு 8 நாள், தேனுக்கு 9 நாள், பெரிய வித்தியாசமில்லை. மேகமலைத் தேனும் அதேபோல் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர்கள் உதட்டில் தடவிக்கொள்வதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. எருக்கம்பாலையும் அம்மான்பச்சரிசிப் பாலையும் தொட்டு வைக்கிறார்கள். அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினால் கருவிழி வெந்துபோகும். சுண்ணாம்பு தோலையே பொசுக்கும். மெடிக்கலில் "ஏதாவது ட்யூப் குடுங்க" என்று கேட்டு வாங்குவதும் இதற்குச் சளைத்ததல்ல. ஸ்டீராய்டு கலந்த களிம்பு வைரஸுக்குத் துணைபோகும். அதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது.

அடுத்தது அக்கி. இது சின்னம்மை வைரஸ் மீண்டும் கிளம்புவதால் வருவது. உதட்டுக் கொப்புளத்து வைரஸுக்குச் சொந்தக்காரன். அக்கி என்றதும் ஊரில் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குத்தான் போவார்கள். அவர் காவியைக் குழைத்து உடம்பில் எழுதிவிடுவார். குளிர்ச்சியாக இருக்கும், மனதுக்கும் தெம்பு வரும். ஆனால் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணோரத்திலோ வந்த அக்கி கண்ணையே பறித்துவிடக் கூடும். அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மூன்று நாள் காவி எழுதிப் பார்த்துவிட்டு நான்காம் நாள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பினால், அந்த நேரம் கைவிட்டுப் போயிருக்கும்.

எனக்கு மிகவும் வயிறு கலங்குவது சேனை வைக்கும்போதுதான். பிறந்த பிள்ளை நாக்கில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைத்து, கொஞ்சி முத்தமிடுகிறார். அவர் உதட்டில் கொப்புளம் இருந்தால், அந்த வைரஸ் பச்சைக் குழந்தையின் மூளை வரை போய் உயிரையே எடுக்கலாம். தேனும் ஒரு வயது வரை ஆகாது. "அப்பத்தா, புண்ணு ஆறட்டும், அதுவரைக்கும் பிள்ளையைத் தூக்காதீங்க" என்று பல வீட்டு வாசலில் சொல்லி, பொல்லாதவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். மருமகள்களால் இதைச் சொல்ல முடியாது. மகன்தான் சொல்ல வேண்டும்.

வேளார்களைப் போலி வைத்தியர் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நோயாளி முதலில் போய் உட்காருவது அவர்கள் திண்ணையில்தான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களே அக்கி எழுதுகிறவர் வீட்டிலும் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து, முகத்தில் வந்த அக்கியையும் கர்ப்பிணிக்கும் சர்க்கரை நோயாளிக்கும் வந்த அக்கியையும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லட்டும். எழுதிவிட்டே அனுப்பட்டும், தடையில்லை. அப்படி வருபவருக்கு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்படி மாவட்ட சுகாதார அலுவலர் பார்த்துக்கொள்ள வேண்டும்.