நலவாழ்வுப் பகுதி: அமர்த்தி வைப்பது அன்பாகுமா?

விழிஞ்ஞத்தில் வாழும் நம்மவர் இல்லங்களுக்குத் தமிழகத்திலிருந்து வரும் உறவினர் இருவகையினர். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வருவோர் ஒரு வகை. நோய்க்கு மருந்து தேடி வருவோர் மற்றொரு வகை. திருவனந்தபுரம் நகரின் வடபால், 1951ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியின் வளாகத்தில், 1981 முதல் மண்டலப் புற்றுநோய் மையம் பணியாற்றி வருகிறது. ஆர்.சி.சி. என்று ஊரார் வழங்கும் அம்மையத்தை நாடிக் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வருவோர் பலர். ஊரிலிருந்து வரும் தந்தையோ, மாமனாரோ, பெரியப்பாவோ நம் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுகிறார். அவர்களுள் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பெறும் முதியவரை வீட்டார் எவ்வாறு பேணுதல் வேண்டும் என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காயளவில் அமைந்த ஒரு சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய், ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை உணவாகக் கொண்டு வளர்கிறது. அந்த ஹார்மோனை ஒடுக்கினால் நோயும் ஒடுங்கும் என்பதைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று மாதம் ஒரு முறையோ, மூன்று அல்லது ஆறு மாதங்களுக்கு ஒரு முறையோ போடும் ஊசியாலும், மாத்திரைகளாலும், சிலருக்கு அறுவையாலும் இதனைச் செய்கின்றனர். பல்லாயிரம் பேருக்கு வாழ்நாளை நீட்டித் தந்த நன்மருந்து இது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. டெஸ்டோஸ்டிரோன் நோயை மட்டும் வளர்ப்பதன்று. தசையை வளர்ப்பதும், எலும்பை உறுதியாக்குவதும் அதுவே. அதனை நிறுத்தும்போது நோயோடு சேர்ந்து தசையும் மெலிகிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது, அசதி மிகுகிறது, திடீரென உடலெங்கும் வெப்பம் பரவி வியர்க்கிறது. நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இங்கேதான் வீட்டார் ஏமாறுகின்றனர். ஊசி போடத் தொடங்கிய சில மாதங்களில் முதியவரின் எடை கூடும். “அப்பா உடம்பு தேறிவிட்டார்” என்று பிள்ளைகள் மகிழ்வர். ஆனால் கூடியது எது? 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இவ்வூசியை 48 வாரங்கள் பெற்றவர்களின் எடை சராசரியாக 2.4 விழுக்காடு கூடியிருந்தது. அளந்து பார்த்தபோதோ, கொழுப்பு 9.4 விழுக்காடு மிகுந்து, தசை முதலிய கொழுப்பற்ற பகுதி 2.7 விழுக்காடு குறைந்திருந்தது. தராசு தேறிவிட்டார் என்கிறது. நாற்காலியை விட்டு எழும்போது கைப்பிடியைத் தேடும் கைகள் அன்று என்கின்றன. இவ்விரண்டில் கைகளையே நம்புங்கள்.

இனி நம் அன்பின் குறையைப் பார்ப்போம். நோயுற்றவரை அசையவிடாமல் வைத்திருப்பதே பணிவிடை என்பது நம் குடும்பங்களில் ஊறிய எண்ணம். “அப்பா, நீங்கள் சும்மா இருங்கள், நான் எடுத்து வருகிறேன்” என்று தண்ணீர்க் குவளையைக்கூட மகன் கையில் கொடுப்பான். மருமகள் கடைக்குப் போகும் பையைப் பறித்துக்கொள்வாள். எண்ணம் நல்லதே, விளைவோ தீது.

விழிஞ்ஞத்தை அடுத்த கரைகளில் கரமடி இழுப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆடவர் இரு வரிசையாக நின்று வடத்தைப் பற்றி, கடலிலிருந்து வலையைக் கரைக்குக் கொணர்கின்றனர். அவர்களில் நரைத்த தலையினரும் உளர். அவர்களுடைய தோளும் முன்கையும் இளைஞரை நாணச் செய்யும். தசைக்குக் கட்டளையிடுவது ஹார்மோன் ஒன்று மட்டுமன்று, சுமையும் கட்டளையிடுகிறது. தன்மேல் பாரம் விழும்போதெல்லாம் தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மருந்து ஒரு கட்டளையை நிறுத்திவிட்டது. எஞ்சியிருக்கும் மற்றொன்றையும் நாம் அன்பின் பெயரால் நிறுத்திவிட்டால் அத்தசைக்கு வேறு கதி ஏது?

இதற்குச் சான்றும் உண்டு. 2003இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், ஹார்மோன் சிகிச்சை பெறும் 155 ஆடவர் சேர்ந்தனர். அவர்களுள் ஒரு பிரிவினர் வாரத்தில் 3 நாள் வீதம் 12 வாரங்கள் எடை தூக்கிப் பயின்றனர். பயின்றவர்க்கு அசதி குறைந்தது; வலிமை கூடியது. 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், எடைப் பயிற்சியும் நடை முதலிய பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்க்குத் தசையே கூடியது. பாரம் தூக்கினால் ஆண் ஹார்மோன் மீண்டும் சுரந்து நோய் வளருமோ என அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் வேண்டா, சிகிச்சை நடக்கும்போது செய்யும் பயிற்சி அந்த ஹார்மோனை உயர்த்துவதில்லை.

பயிற்சிக்கெனக் கருவிகள் வாங்க வேண்டுவதில்லை. சுவரோரம் அசையாமல் வைத்த நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் எழுந்து மீண்டும் அமர்தல். சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டுதல். ஒரு லிட்டர் நீர் நிறைத்த புட்டிகளை இரு கைகளிலும் ஏந்தித் தோள்வரை தூக்குதல் ஆகிய நான்கும் போதும். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை. சற்று இளைப்பாறி மறுபடியும் ஒரு சுற்று. வாரத்தில் 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. மூச்சை அடக்குதல் ஆகாது. எளிதாகிவிட்டால் சுமையைச் சிறிது கூட்டவேண்டும். கூட்டாத பயிற்சி தசைக்குப் பழகிப்போகும். இதனோடு நடையும் வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி வீதம் வாரத்தில் 5 நாள் நடப்பது இலக்கு. முடியாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். கடலோரப் புழுக்கத்தில் வெப்பவீச்சு மிகும் ஆதலால் விடியலிலோ அந்தியிலோ நடப்பது நலம். ஈரமான படிகளையும் தளர்ந்த மணலையும் தவிர்க்கவேண்டும்.

உழைக்கும் தசைக்கு உணவும் வேண்டுமன்றோ? நோயாளிக்கு வெறுங்கஞ்சி என்பது நம் வழக்கம். மலையாள நாட்டார் கஞ்சியோடு பயறு சேர்த்து உண்பர்; இவ்விடத்தில் அவர் வழக்கமே மேலானது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.2 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு 60 முதல் 72 கிராம். விழிஞ்ஞம் துறையில் இறங்கும் சாளை மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டியும் உண்டு. முட்டையொன்றில் 6 கிராம். மீன் உண்ணாதார்க்குப் பயறு, சுண்டல், பருப்பு, தயிர் உள. கேழ்வரகு சுண்ணாம்புச்சத்து மிக்கது. சிறுநீரக நோயுடையோர் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே கூட்டவேண்டும். புகையும் மதுவும் எலும்புக்குப் பகை.

தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது இன்றியமையாதது. நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் எந்த உறுப்பில் பாரம் ஏற்றலாகாது என்பதை அவரே கூறவேண்டும். இதய நோயுடையோர்க்கும் அவ்வாறே. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா சோதனை தேவையா என்றும் கேளுங்கள். மலையாளத்தில் மருத்துவர் “வியாயாமம்” என்றால் உடற்பயிற்சி. “விஸ்ரமம்” என்றால் ஓய்வு. இரண்டில் எதனை எவ்வளவு சொன்னார் என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முதுகில் புதிதாகக் கடும் வலி, கால்களில் தளர்ச்சி அல்லது மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

இறுதியாக ஒரு சொல். இந்நோய் பற்றி ஆடவர் வாய் திறப்பதில்லை. ஆண்மை போயிற்றே என்ற துயரையும், காரணமின்றி வரும் கண்ணீரையும் உள்ளேயே வைத்துப் புழுங்குவர். ஊரை விட்டு வந்து, மகன் வீட்டில், பேச்சு புரியாத தெருவில் இருக்கும் முதியவர்க்கு அத்துயர் இருமடங்கு. அவர் கையில் ஒரு பையைக் கொடுத்து, “அப்பா, கடைவரை போய்க் காய்கறி வாங்கி வாருங்கள்” என்று சொல்லுங்கள். அது தசைக்கும் மருந்து; இந்த வீட்டுக்குத் தாம் இன்னும் வேண்டியவர் என்று உணரும் மனத்துக்கும் மருந்து.

அடுத்த திங்களில், முதியோர் வீட்டினுள் இடறி விழாதிருக்கும் வழிகளை எழுதுவோம்.