திருப்பூரில் எந்தப் பக்கம் குடியேறுவது?

ஜவ்வாது மலையில் சாமை அறுப்பு முடிந்ததும் ஜனங்கள் மூட்டை கட்டுகிறார்கள். கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்குச் சிலர், கேரளத்துக்குச் சிலர், ஜோலார்பேட்டையில் ரயிலேறித் திருப்பூருக்குச் சிலர். பிழைக்கப் போனவன் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை என்பதை 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரின் சடலங்கள் நமக்குக் காட்டின. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. எனவே பனியன் கம்பெனியே மேல் என்று இறங்கி வருகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

வேலை கிடைத்து விடுகிறது. எங்கே குடியிருப்பது? இதைச் சில்லறை விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் லைன் வீட்டில் குடியிருந்து பார்க்கட்டும்.

மலையில் மண் சுவரானாலும் வீடு நம்முடையது. வாடகை என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவரிடம் மில் ஏஜெண்டு வந்து, ‘ஹாஸ்டல் இருக்கிறது, சோறு இருக்கிறது, வாடகை கிடையாது’ என்றால் அவர் மயங்குவது இயற்கைதான். ஆனால் தோழர்களே, அந்த இலவசத்துக்கு விலை என்ன? கேட்டுக்குச் சாவி முதலாளியிடம். ஷிப்டு முடிந்து படுத்தவரை எழுப்பி மறு ஷிப்டுக்கு அனுப்பலாம். சங்கத்துக்காரர் உள்ளே வர முடியாது. வேலை போனால் அன்றைக்கே பாயும் போகும். ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, கல்யாணத்துக்குப் பணம் தருவதாகச் சொல்லி, நூல் மில்கள் இளம் பெண்களை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்ததை நாடறியும். எனவே நம் அபிப்பிராயம் ஒளிவு மறைவற்றது: ஐந்நூறு ஆயிரம் கூடுதலானாலும் வெளியே வீடு பிடியுங்கள்.

வெளியே என்றால் எங்கே? திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். அவிநாசி ரோட்டில் அனுப்பர்பாளையம், பெருமாநல்லூர் ரோட்டில் பாண்டியன் நகர், காங்கேயம் ரோட்டில் நல்லூர், பல்லடம் ரோட்டில் வீரபாண்டி, மங்கலம் ரோட்டில் ஆண்டிபாளையம். புதிதாக வருகிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல.

கம்பெனிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டி வைத்திருப்பார். நாம் நடந்து மிச்சம் பிடிக்கும் பஸ் காசு அவர் பெட்டிக்குப் போகிறது. தூரத்தில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று போகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். போக வர நாளுக்கு 40 ரூபாய் என்றால் 26 நாளைக்கு 1,040 ரூபாய். ஆயிரமும் போயிற்று, மேலே நாற்பதும் போயிற்று. 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது நல்ல காரியம். ஆனால் ஓவர்டைம் முடிந்து இரவு பதினொரு மணிக்கு வெளியே வரும் பெண்ணுக்கு எந்த பஸ் காத்திருக்கிறது? இரண்டு பேரும் வேலைக்குப் போகும் குடும்பமானால், அந்தப் பெண்ணின் கம்பெனிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பார்ப்பதே சரி. ஆண் பஸ்ஸில் போகட்டும்.

நொய்யல் கரையிலும் ஓடைக்கரையிலும் வாடகை மலிவு. ஏன் மலிவு என்று கேட்க வேண்டாமா? சாயப்பட்டறைகள் விட்ட கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் ஐகோர்ட்டே பட்டறைகளை மூடச் சொல்ல நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் பெய்த மழையில் ஓடைக்கரைக் குடிசைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சாயத்தில் லாபம் கண்டவர்கள் யாரும் அந்தக் கரையில் குடியிருக்கவில்லை! அட்வான்ஸ் கொடுக்குமுன் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்: நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, மழைத் தண்ணீர் எதுவரை ஏறும். புரோக்கரிடம் கேட்டால் எல்லாம் சௌகரியம் என்றுதான் சொல்லுவார்.

கரண்டிலும் கொள்ளை உண்டு. 2016-இல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம் என்று சர்க்கார் அறிவித்தது. வரிசையாகப் பத்து அறை கட்டி, உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே விலை போட்டு வசூலிக்கும் வீட்டுக்காரரிடம் அந்த இலவசம் நின்று விடுகிறது.

‘என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியும் வரும். ‘மலையாளி’ என்று சொன்னால் கேரளாவா என்று கேட்பார்கள். ஜவ்வாது மலை என்று விளக்கினால் சிலர் முகம் மாறும். இப்படிக் கேட்கிற தெருவில் தனியே ஒரு வீடு பிடிப்பதைவிட, கூட வேலை செய்கிறவர்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே வரிசையில் இடம் பிடிப்பது நல்லது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும், வாடகை ஏறும்போது பேச வாயும் கிடைக்கும்.

வாய் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரம் உண்டு. 1915-இல், முதல் உலக யுத்தம் நடக்கும்போது, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். கப்பல் கட்டும் தொழிலாளர்கள் நிறைந்த கோவன் பகுதிப் பெண்கள், மேரி பார்பர் தலைமையில், ஏற்றிய வாடகையைத் தர மறுத்தார்கள். ஜப்திக்கு வந்தவர்களைத் தெருவே திரண்டு விரட்டியது. சுமார் 20,000 குடும்பங்கள் சேர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைக் கட்டுப்படுத்திப் பிரிட்டிஷ் சர்க்கார் சட்டம் போட்டது. கோவன்காரர்கள் நெருக்கி அடித்து ஒரே தெருக்களில் குடியிருந்ததால்தான் அது முடிந்தது என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டிலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, தண்ணீரையும் கரண்டையும் வெட்டக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்றும் சொல்கிறது. லைன் வீட்டில் எழுத்தாவது பதிவாவது! ‘வேறு ஒப்பந்தம்’ என்ற அந்த ஓட்டையும் வீட்டுக்காரருக்குத்தான் உதவுகிறது. அதை அடைக்கச் சொல்லி நாம் போராட வேண்டும். அதுவரை, கொடுத்த அட்வான்ஸுக்கு ஒரு துண்டுக் காகிதத்திலாவது கையெழுத்து வாங்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தப் பேட்டையில் என்ன வாடகை, எங்கே தண்ணீர் வருகிறது, எந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராதவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி, ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கும் இடத்தில், அடுத்த அறுப்பு முடிவதற்குள் ஒட்டி வையுங்கள்.